ஏற்றத்தில் பூஸ்ட் குறைகிறது: மேனிஃபோல்டு கசிவா, இன்டர்கூலர் ஹோஸ் கசிவா?

கேள்வி (நாமக்கல்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது பிஎஸ்-6 ஆறு சிலிண்டர் டீசல் லாரி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும்போது, தொப்பூர் ஏற்றத்தில் முன்பு இழுத்த கியரில் இப்போது இழுப்பதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம்) பக்கமிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுகிறது. செக் லைட் எரியவில்லை.

ஓட்டுநர் முழு ஆக்சிலேட்டரில் ஏற, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரில் பதிவு செய்தேன். 1,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் கேட்கும் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், 260 கிலோபாஸ்கல், கிடைப்பது 210. டர்போ வேன் (டர்பைனுக்குப் போகும் புகையின் வழியைக் குறுக்கும் தகடுகள்) ஏறக்குறைய முழுவதும் மூடிய நிலையில் நிற்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பின் முன்பின் அழுத்த வேறுபாடு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஒரு பட்டறையில் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களை மாற்றச் சொல்கிறார்கள், இன்னொரு பட்டறையில் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன், இந்த அளவுகளை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிய வழி உண்டா?

பதில் 1 (சங்ககிரி)

தம்பிக்கு வணக்கம். முதலில் சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சென்சார்களைப் பாருங்கள். பூஸ்ட் சென்சார் நாமக்கல்லின் வளிமண்டல அழுத்தமாகிய 98, 99 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். டிபிஎஃப் சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால், ஏற்றத்தில் எடுத்த பதிவை நம்பி எதையும் கழற்றக் கூடாது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஓர் அளவுதான் இதில் முக்கியமானது: ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் மாஃப் சென்சார், அதாவது உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார். ஹோஸ் கிழிந்திருந்தால், காற்று அந்த சென்சாரைக் கடந்து வந்த பிறகுதான் வெளியேறுகிறது; ஆகவே பூஸ்ட் விழுந்தாலும் காற்றின் அளவு அதே அளவுக்கு விழாது. சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் கசிந்தாலோ, டர்பைனைச் சுழற்ற வேண்டிய புகை அதைத் தொடாமலே வெளியேறிவிடுவதால் டர்போவின் வேகம் குறைந்து, காற்றும் பூஸ்ட்டும் சேர்ந்தே விழும். அடைத்துப்போன ஏர் ஃபில்டரும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு முழுதாக மூடாமல் இருப்பதும், சிக்கிக்கொண்ட டர்போ வேனும்கூட இதே அளவுகளைத் தரும் என்பதால், அவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் மேனிஃபோல்டுக்கு வர வேண்டும்.

டிபிஎஃப் வேறுபாடு குறைந்திருப்பதை மட்டும் வைத்துக் கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். புகையின் அளவு குறைந்தாலும் அது குறையும், அண்மையில் ரீஜென் நடந்து கரி எரிந்திருந்தாலும் குறையும். டிபிஎஃப் அடைக்கவில்லை என்பதற்கு மட்டும் அது நல்ல சாட்சி.

பதில் 2 (கோயம்புத்தூர்)

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் பக்கம் கசிந்தால் சத்தமும் நெடியும் வரும். பூஸ்ட் இவ்வளவு விழாது. பெட்ரோல் வண்டிகளில் பழகியவர்கள் ஆக்சிஜன் அளவை வைத்துக் கசிவைத் தேடுவார்கள். டீசலில், அதுவும் ஐடிலிங்கில், புகையிலேயே ஆக்சிஜன் ஏராளமாக இருப்பதால் நாக்ஸ் சென்சார் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பது) காட்டும் ஆக்சிஜன் அளவு இதற்கு உதவாது. உங்கள் அளவுகளைவிட, சூடானதும் அடங்கும் அந்தச் சத்தத்தையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்; இரும்பு விரிந்து இடைவெளி மூடும்போதுதான் பெரும்பாலும் அப்படி அடங்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சென்சார்கள் இரண்டும் சரியாகவே காட்டின. அதே ஏற்றத்தில் முன்பு எடுத்து வைத்திருந்த பதிவோடு ஒப்பிட்டதில், பூஸ்ட்டோடு சேர்ந்து காற்றின் அளவும் குறைந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் புதியது; முழு ஆக்சிலேட்டரில் இஜிஆர் மூடியே இருக்கிறது; வேன் கட்டளைக்குத் தடையில்லாமல் அசைகிறது. இன்ஜின் ஆறிய பிறகு மேனிஃபோல்டின் மேல் உள்ள வெப்பத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஆறாவது சிலிண்டரின் கேஸ்கட் விளிம்பிலிருந்து விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருந்தது. அந்த முனையில் மேனிஃபோல்டை இன்ஜினோடு பிணைக்கும் ஒரு ஸ்டட் முறிந்து, நட்டும் காணாமல் போயிருந்தது.

பதில் 1 (சங்ககிரி)

அப்படியானால் ஹோஸையும் டர்போவையும் இப்போது தொட வேண்டாம், தம்பி. கேஸ்கட்டை மட்டும் மாற்றினாலும் போதாது. மேனிஃபோல்டு வளைந்திருந்தால்தான் கடைசி ஸ்டட் முறிவது வழக்கம். நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் பாருங்கள். வளைவு கம்பெனி மேனுவலில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் முகத்தை மெஷினில் சமப்படுத்துங்கள், இல்லையெனில் மேனிஃபோல்டையே மாற்றுங்கள். ஸ்டட், நட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் படிப்படியாக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள்.

வேலை முடியும்வரை லாரியை லோடோடு ஏற்றத்துக்கு அனுப்பாதீர்கள். முழு இழுவையில் டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 600 டிகிரியைத் தாண்டும். அது பக்கத்தில் போகும் ஒயரிங்கையும் டீசல் பைப்பையும் தொட்டால் தீப்பிடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு கேபினில் தூங்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எல்லாம் முடிந்தபின் அதே லோடு, அதே கியரில் தொப்பூரில் ஒரு பதிவு எடுங்கள். பூஸ்ட் 260-ஐத் தொட்டும் வேன் இன்னும் மூடியே நின்றால், அந்தப் பதிவை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.