வேலை இல்லாத நேரத்தில் விழுந்த சர்வர்கள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கிறேன். ஒரே மாதிரியான நான்கு சர்வர்கள், நான்கிலும் லினக்ஸ். சென்ற ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அவற்றில் ஏதேனும் ஒன்று அப்படியே உறைந்து நிற்கத் தொடங்கியது. திரையில் பிழைச் செய்தி இருக்காது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பதிவு வழக்கமான ஒரு வரியோடு நின்றுபோயிருக்கும். கெர்னல் விழும்போது நினைவகத்தைப் படியெடுக்கும் கேடம்ப் வசதியை அமைத்திருந்தும், அது ஒரு கோப்பைக்கூட எழுதவில்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். மெம்டெஸ்ட் இரண்டு இரவு ஓடியும் நினைவகத்தில் குறை தென்படவில்லை. பவர் சப்ளையை மாற்றினேன், பயனில்லை. பிறகு செயலியின் கணிப்பு அலகுகளான கோர்கள் எல்லாவற்றையும் முழுச் சுமையில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். சர்வர் அசைந்து கொடுக்கவில்லை. அந்த மூன்று நாள் சோதனையை நம்பி, வன்பொருளில் குறையில்லை என்று மேலாளருக்கு எழுதினேன். அது தவறான முடிவு என்பது பிறகுதான் விளங்கியது.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையில், அலுவலகம் முழுவதும் பூட்டிக் கிடந்த வேளையில், ஒரே சமயத்தில் இரண்டு சர்வர்கள் உறைந்தன. அன்றுதான் முந்தைய நிகழ்வுகளின் தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஞாயிறு அதிகாலை, பொதுவிடுமுறை, இரவு இரண்டு மணிக்கு மேல் என்று அனைத்தும் வேலையே இல்லாத நேரங்கள். மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாளில், சுமை உச்சத்தில் இருக்கும்போது, ஒருமுறைகூட ஒன்றும் நிற்கவில்லை.

வேலையில்லாதபோது செயலி மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தன் கோர்களைப் படிப்படியாக உறங்க வைக்கிறது. இவற்றை சி-நிலைகள் என்கிறோம். சி1 கண்ணயர்வு போன்றது. சி6 நிலையில் கோரின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதுமாக விலக்கப்படுகிறது. அந்த ஆழத்திலிருந்து எழும்போது மின்னழுத்தம் சரியான நேரத்தில் சரியான அளவுக்குத் திரும்ப வேண்டும். அதை வழிநடத்தும் ஃபர்ம்வேரில், அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில், பிசகு இருந்தால் கோர் எழாமலே போய்விடும். கோர் எழாதபோது பிழையை எழுதி வைப்பதற்கும் ஆளில்லை. முழுச் சுமையில் கோர்கள் உறங்குவதே இல்லை என்பதால், என்னுடைய மூன்று நாள் சோதனை குற்றவாளியின் பக்கமே போகவில்லை.

கணினி துவங்கும்போது முதலில் ஓடும் ஃபர்ம்வேரான பயாஸில் ஆழ்ந்த சி-நிலைகளை நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் மீண்டும் ஒரு சர்வர் நின்றது. இந்த இடத்தில்தான் பலர் இந்தத் தடயத்தையே கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸ் கெர்னலில் 2010 முதல் இருந்துவரும் இன்டெல்_ஐடில் என்ற இயக்கி, பல செயலிகளுக்கு பயாஸ் தரும் பட்டியலைப் பாராமல் தன்னிடமுள்ள பட்டியலின்படியே நடக்கிறது. பயாஸில் நான் மூடிய கதவை அது தன் பக்கத்திலிருந்து திறந்து வைத்திருந்தது. கெர்னல் துவங்கும் கட்டளை வரியில் சி1க்குக் கீழே போகக் கூடாது என்று வரம்பிட்ட பிறகு நான்கு சர்வர்களும் அமைதியாயின. பின்னர் தயாரிப்பாளரின் புதிய பயாஸை ஏற்றி, ஒவ்வொரு சர்வராக வரம்பை நீக்கினேன். ஐந்து மாதங்களாக ஒன்றும் நிற்கவில்லை.

* * *

அண்ணா, நான் ஜூரோங்கில் ஒரு தரவு நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கிறேன். வரம்பை நிரந்தரமாக விட்டுவிடாமல் நீக்கியது சரியான முடிவு. நம் ஊர் வெப்பத்தில் ஒவ்வொரு வாட்டுக்கும் இரண்டு முறை விலை கொடுக்கிறோம், சர்வருக்கு ஒன்று, குளிரூட்டுவதற்கு ஒன்று. வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்காக 2023இல் வந்த எஸ்எஸ் 697 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இயங்கு வெப்பநிலையை 26 டிகிரிக்கும் மேலே உயர்த்த வழிகாட்டுகிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்று அப்போது சொல்லப்பட்டது. இப்படி முயலும் இடத்தில் மின்சேமிப்பை ஒட்டுமொத்தமாக அணைப்பது தீர்வாகாது.

எங்களிடம் நேர்ந்தது வேறு வகை. இரண்டு பவர் சப்ளை கொண்ட சர்வரில், சுமை குறைவாக இருக்கும்போது ஒன்றை உறங்க வைக்கும் ஏற்பாடு இருந்தது. மின்தடையின்போது கைகொடுக்கும் யுபிஎஸ் கருவியின் பராமரிப்புக்காக, இரு மின்வழிகளில் ஒன்றான ஏ வழித்தடத்தைத் துண்டித்தபோது, உறங்கிய மற்றொன்று விழிப்பதற்குள் மின்தேக்கியில் எஞ்சியிருந்த சில மில்லி விநாடி மின்சாரம் தீர்ந்துபோய், பதினோரு சர்வர்கள் ஒன்றாக மறுதுவக்கம் ஆயின. பவர் சப்ளைக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு என்பதை அன்றுவரை எங்கள் குழுவில் எவரும் பொருட்படுத்தியதில்லை. அதைப் புதுப்பித்த பின்னும், மின்கம்பியை முழுவதும் கழற்றிச் செருகும் வரை எங்கள் சர்வர்களில் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரவில்லை. வெறும் மறுதுவக்கம் போதவில்லை.

* * *

இருவரும் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செயலித் தயாரிப்பாளரான ஏஎம்டி 2023இல் வெளியிட்ட திருத்தக் குறிப்பின்படி, எபிக் 7002 வரிசைச் செயலிகளில், கடைசியாகத் துவக்கி ஏறத்தாழ 1044 நாள் ஆனபின் ஒரு கோர் சிசி6 என்ற ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழாமல் போகலாம். அதற்கு முன் மறுதுவக்கம் செய்யலாம், அல்லது சிசி6ஐ அணைக்கலாம். நீண்ட நாள் நிற்காமல் ஓடுவதையே பெருமையாகக் கருதும் இடங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் பார்க்கும் சர்வர்களில் ஒன்று 987 நாளைத் தொட்டிருக்கிறது. வரும் ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்கு அதை நிறுத்தித் துவக்க அனுமதி வாங்கிவிட்டேன்.