வழிகாட்டியாக இருக்கும்படி ஒருவரை எப்படிக் கேட்பது? வியாழக்கிழமை சந்திப்பு இருக்கிறது

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். ஊரில் பல ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு அண்மையில் கனடா வந்திருக்கிறேன். அனுப்பிய விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை, கையிருப்பும் கரைந்துகொண்டே வருகிறது. கோயிலில் அறிமுகமான தோழி ஒருவர் மூலம், இங்கே இருபது ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கும் ஒரு தமிழ் அம்மையாரின் தொடர்பு கிடைத்தது. வியாழக்கிழமை மாலை அரைமணி நேரம் பேசலாம் என்றார். எனக்கு வழிகாட்டியாக இருங்கள் என்று முதல் நாளே கேட்கலாமா? எதையாவது ஏடாகூடமாகச் சொல்லி, கிடைத்த ஒரு தொடர்பையும் கெடுத்துக்கொள்வேனோ என்று தூக்கமே வரவில்லை.

மார்க்கம்வாசி:
தங்கையே, வழிகாட்டி இருக்கட்டும், முதலில் ஏதாவது ஒரு வேலையில் சேருங்கள். நான் 2001 இல் வந்தபோது எனக்கு வழி சொல்ல ஒருவரும் இல்லை. இரவெல்லாம் கிடங்கில் பெட்டிகளை அடுக்கிவிட்டு, விடிந்ததும் இரும்பு முனை வைத்த அதே காலணியோடு நூலகத்துக்குப் போய், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விண்ணப்பங்களை அச்செடுத்தேன். பெரிய பதவியில் இருப்பவர்கள் காப்பி வாங்கித் தருவார்கள், வேலை வாங்கித் தரமாட்டார்கள்.

கால்கரி கயல்:
ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிடங்கு வேலை வாடகைக்கு உதவும். ஆனால் வேலை முடிந்து வந்து உரிமத் தேர்வுக்குப் படிக்க உடம்பில் தெம்பு இருக்காது என்பதை என் கணவர் விஷயத்தில் கண்கூடாகப் பார்த்தேன். உடனே ஆல்பர்ட்டா மாகாணத்தின் பொறியாளர் உரிம அமைப்பான அபேகாவில் விண்ணப்பியுங்கள். அந்த அம்மையாரிடம் முதல் நாளே பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுங்கள், கூச்சப்பட்டால் இந்த நாட்டில் ஒன்றும் நடக்காது.

கழுகுமலை:
எத்தனை பரிந்துரை இருந்து என்ன? கடைசியில் கனடிய அனுபவம் உண்டா என்றுதானே கேட்கிறார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. ஊரில் பாலம் கட்டியவனை இங்கே பலகை அறுக்கக்கூட நம்புவதில்லை.

கால்கரி கயல்:
ஒன்ராறியோவில் 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவத்தை நிபந்தனையாகப் போட முடியாது.

கழுகுமலை:
விளம்பரத்தில் போடமாட்டார்கள், மனத்தில் போட்டுக்கொள்வதை யார் தடுப்பது?

மார்க்கம்வாசி:
அப்படிச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு அழைத்துவிட்டு, என் பெயரை வாசிக்க வரவில்லை என்று சிரித்த மேலாளர்களை எல்லாம் பார்த்தவன் நான்.

நீர்த்துறைக்காரி:
புலம்பல் போதும், அவருக்கு வியாழக்கிழமை வந்துவிடும். புதுவரவு, எந்த மாகாணம், என்ன துறை, நிரந்தர வசிப்புரிமையா அல்லது படிப்பு விசாவா என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே?

புதுவரவு:
மன்னியுங்கள், அக்கா. ஒன்ராறியோவில் பிராம்ப்டன், நிரந்தர வசிப்புரிமை. சென்னையில் குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்தேன். அம்மையாரும் நீர்த்துறைதான். உரிமத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, அவரையே கேட்டுச் செய்யலாம் என்று இருந்தேன்.

நீர்த்துறைக்காரி:
அதற்கு அவரைக் கேட்காதீர்கள். பொறியாளர் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, கயல் சொன்ன அபேகா உங்களுக்கு இல்லை, ஒன்ராறியோவில் உரிமம் வழங்கும் அமைப்பு பி.ஈ.ஓ. அது கேட்கும் 48 மாத அனுபவத்தில் 12 மாதமாவது கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற விதி 2023 மே மாதத்தில் நீங்கிவிட்டது. அம்மையார் பழைய விதிப்படி உரிமம் பெற்றவர் என்பதால், நல்ல மனத்தோடு அவர் சொல்லும் வழியே இன்று உங்களைச் சுற்றவைக்கலாம். விதிகளை அமைப்பின் இணையதளத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

கயல் சொன்ன பரிந்துரைக் கடிதமும் வேண்டாம். பி.ஈ.ஓ.வின் அனுபவ மதிப்பீட்டில் 34 திறன்களுக்கு உங்கள் சொந்தப் பணியிலிருந்து எடுத்துக்காட்டு எழுத வேண்டும். அதை உறுதிப்படுத்துபவர் அந்தப் பணியை நேரடியாக அறிந்தவராக இருக்க வேண்டும். சென்னையில் உங்களுக்கு மேலே இருந்த பொறியாளர் ஓய்வுபெற்று எண்ணை மாற்றிக்கொள்வதற்குள் அவரை அழைத்துப் பேசுங்கள். லிங்க்ட்இன் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ‘புரொஃபெஷனல் இன்ஜினியர்’ என்று போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், ஒன்ராறியோவில் உரிமம் இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

அம்மையாரிடம் கேட்க வேண்டியது அவர் கடந்துவந்த பாதையை. 2000 மே மாதத்தில் ஒன்ராறியோவின் வாக்கர்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணை நடந்து, 2002 இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த காலத்தை ஒட்டித்தான் அவர் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அதைப் படித்துவிட்டுப் போங்கள், பேச்சு தானாக நீளும். ஆலோசனை நிறுவனத்தில் தொடங்கினாரா நகராட்சியிலா, ஏன் மாறினார், வந்த வாய்ப்புகளில் எதை வேண்டாம் என்று விட்டார், ஒப்பந்தக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் தனியொரு பெண்ணாக உட்கார்ந்து ‘இந்த வரைபடத்தை ஏற்க முடியாது’ என்று சொல்ல எப்படிப் பழகினார் என்று கேளுங்கள். இவை எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

வழிகாட்டி என்ற பேச்சை முதல் நாள் எடுக்கவே வேண்டாம். அவர் சொல்வதில் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்து, என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுதி, இன்னொரு அரைமணி நேரம் கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். இவரையே முழுக்க நம்பியிருக்கவும் வேண்டாம். புதிதாக வந்தவர்களை அதே தொழிலில் இருப்பவர்களோடு இணைத்துவைக்கும் திட்டம் ஒன்றை டொராண்டோவின் ட்ரையெக் அமைப்பு 2004 முதல் நடத்துகிறது. அதிலும் பெயர் கொடுத்து வையுங்கள்.

புதுவரவு:
மிக்க நன்றி, அக்கா. அவருடைய சம்பளத்தைக் கேட்கலாமா?

நீர்த்துறைக்காரி:
கேட்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் வாங்கும் பொதுத்துறை ஊழியர்களின் சம்பளப் பட்டியலை ஒன்ராறியோ அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. உங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் பீல் மண்டல நிர்வாகத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், பதவிப் பெயர்களும் தொகைகளும் வந்துவிடும். அந்தப் பதவிகளில் எதற்கு நீங்கள் இப்போதே தகுதி உள்ளவர் என்று அவரிடம் கேளுங்கள்.