மறு: ‘வார்மெட்ய’ – மாவட்டமா, கோட்டைநாடா?

குழுவினருக்கு வணக்கம்.

> ஹங்கேரியின் பழைய நிர்வாகப் பிரிவான வார்மெட்யவுக்குத் தமிழில் ‘மாவட்டம்’ போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. மாவட்டம் என்றதும் அரசு போட்ட எல்லையும் அரசு அனுப்பிய ஆட்சியரும்தான் நம் மனதில் வருவார்கள். வார்மெட்ய வேறு வகை. கி.பி. 1000-ஐ ஒட்டி, முதலாம் இஸ்த்வான் அரசர் காலத்தில், கோட்டையை மையமாக வைத்து உருவானது. போகப்போக உள்ளூர்ப் பிரபுக்களின் தன்னாட்சி அமைப்பாகிவிட்டது. அதன் தலைவரான ஃபோஇஷ்பானை அரசர் நியமிப்பார். அவருக்கு அடுத்த நிலையில் அன்றாட வேலையைப் பார்க்கும் அலிஷ்பானைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பிற்காலத்தில் ஹப்ஸ்பர்க் ஆட்சியாளர்கள் வியன்னாவிலிருந்து அனுப்பிய ஆணைகளைக் கிடப்பில் போட்டதும் இந்தக் கூட்டங்கள்தான்.

‘வார்’ என்றால் கோட்டை. தீசா ஆற்றங்கரையில் ஸபோல்ச் என்ற சிற்றூரில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய கோட்டையின் கரைகள் இன்றும் மேடாக நிற்கின்றன. 1092-இல் லாஸ்லோ அரசர் திருச்சபை மாமன்றத்தைக் கூட்டிய இடம் அது. ஸபோல்ச்–ஸத்மார்–பெரெக் என்ற இன்றைய வார்மெட்யப் பெயரின் முதல் துண்டு அந்த ஊர்தான்.

> அப்படியானால் ‘கோட்டைநாடு’ என்போமே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லைப்பகுதியை எழுதும்போது காலை வாரிவிடும். இதைப் படியுங்கள்: “உகோச்சா கோட்டைநாட்டின் பெரும்பகுதி இரண்டு நாடுகளுக்குப் போக, மூன்றாம் நாட்டில் சில ஊர்கள் எஞ்சின.” தலை சுற்றவில்லையா?

நடந்ததும் அதுதான். முதல் உலகப்போருக்குப் பின், 1920-இல் திரியனோன் உடன்படிக்கை ஹங்கேரியின் எல்லையைக் கிழித்தபோது ஸபோல்ச் பெரும்பாலும் தப்பித்தது. பக்கத்து வார்மெட்யகள் மூன்றும் தலைமையிடத்தையே பறிகொடுத்தன: ஸத்மாரின் நாட்ய்காரோய் ருமேனியாவுக்கு, பெரெக்கின் பெரெக்ஸாஸும் உகோச்சாவின் நாட்ய்ஸோலோஷும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு (இப்போது இரண்டும் உக்ரைனில்). மிஞ்சிய துண்டுகளை 1923-இல் ஒட்டி, மாத்தேஸல்காவைத் தலைமையிடமாக்கி, ‘நிர்வாக அளவில் தற்போதைக்கு இணைந்த வார்மெட்ய’ என்று சட்டத்திலேயே பெயர் வைத்தார்கள். அந்தத் ‘தற்போதைக்கு’ ஒரு முழு அரசியல்! இழந்தது திரும்பி வரும் என்ற நம்பிக்கையை ஒரு வினையடையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியும் இத்தாலியும் அளித்த 1938, 1940 வியன்னா தீர்ப்புகளால் பல ஊர்கள் திரும்பின. போர் முடிந்ததும் மறுபடி கைவிட்டுப் போயின. ஆகவே நம் சொல்லில் அந்த அடையை விழுங்கிவிட்டு ‘ஒருங்கிணைந்த’ என்று எழுதக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘நாடு’ வேண்டாம் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. ஓர் இனத்தின் நிலம் என்ற நினைப்பை அது தருகிறது. அந்தப் பகுதியிலோ கால்வினியச் சீர்திருத்தக் கிறித்தவர், மாரியாபோச் ஆலயத்துக்குத் திரளும் கிரேக்கக் கத்தோலிக்கர், ரோமா மக்கள், 1753-இல் நியீரெட்ஹாஸாவில் குடியேறிய ஸ்லோவாக் லூத்தரன்கள், 1944-இல் நாடுகடத்தப்படும்வரை பெருந்தொகையாக யூதர்கள்.

என் பரிந்துரை:

வார்மெட்ய – கோட்டம்
துண்டான வார்மெட்ய – எச்சக் கோட்டம்
1923-இன் வகை – தற்போதைக்கு இணைந்த கோட்டம்
1950-க்குப் பிந்தைய மெட்ய – மாவட்டம்

தொண்டைமண்டலக் கோட்டங்கள் நமக்குப் பழக்கம்தான்.

> கோட்டம் என்றால் மின்வாரியம் நினைவுக்கு வருகிறதே!

வரட்டும் அம்மா. வருவாய்க் கோட்டம், ரயில்வே கோட்டம், மின்வாரியக் கோட்டம் எல்லாம் முன்னொட்டோடுதான் வருகின்றன. ‘பெரெக் கோட்டம்’ என்றால் யாரும் மின்கட்டணம் கட்டப் போகமாட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில். 1950-இல் ‘வார்’ போய் வெறும் மெட்ய ஆனதை, 2023 ஜனவரி 1 முதல் ஹங்கேரி அரசு மறுபடி வார்மெட்ய ஆக்கிவிட்டது. பெயர்ப்பலகை பழசு, பிரபுக்கள் சபையோ வரவில்லை. அதிகாரப்பூர்வப் பெயரில் ‘கோட்டம்’, விளக்கத்தில் ‘மாவட்டம்’ என்று எழுதலாமா, அல்லது 1950-க்குப் பிறகு முழுக்க மாவட்டமா? நான் இரண்டாவது பக்கம். அலிஷ்பானுக்கும் சொல் தேவை: ‘துணைத்தலைவர்’ வேண்டாம், நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது.