மறு: ரிலே, எக்ஸிட், அநாமதேயம் – கையேட்டில் எந்தச் சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் வலையமைப்பு டோர். அதைப் பற்றிய நம் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை எங்கெங்கோ போய்விட்டது. ரிலேவுக்கு ஐயா சொன்ன மதகில் ஆரம்பித்து வெங்காயம்வரை வந்திருக்கிறோம். கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும். அதனால் இதுவரை வந்த சொற்களைப் பற்றி என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

வெங்காயத்தை முதலில் முடித்துவிடுவோம். திருவாரூர்த் தம்பி டோருக்கு ‘வெங்காய வழிப்படுத்தி’ (ஆனியன் ரவுட்டர்) என்று எழுதியிருந்தார். 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் மூவரும் இந்த முறையை வகுத்தார்கள். செய்தியை உறைக்குள் உறையாகப் பூட்டி அனுப்புவதால் அதற்கு அந்தப் பெயர். அவர்களுக்கு வெங்காயம் என்றால் அடுக்கு. நமக்கு வெங்காயம் என்றால் உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லாதது. பெரியார் மேடையில் அந்த ஒரு சொல்லைப் போட்டால் கூட்டத்துக்கு மேல்விளக்கம் தேவைப்பட்டதில்லை. உள்ளே உங்கள் செய்தி பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வந்த இடத்தில் நாமே வெங்காயம் என்று எழுதினால், ‘ஆமாம், பெரிய வெங்காயம்’ என்று கையேட்டை மூடிவைத்துவிடுவார்கள். டோர் என்பது பெயர். அது பெயராகவே இருக்கட்டும்.

அடுத்தது அநாமதேயம். கும்பகோணத்து அம்மா இப்படி எழுதியிருந்தார்:

> அநாமதேயம் எல்லாருக்கும் தெரிந்த சொல். வடசொல் என்பதற்காகத் தள்ளாதீர்கள். ‘பெயரிலி’ என்றாலும் சரிதான். வலைப்பதிவு காலத்தில் அனானி என்று எழுதிப் பழகியவர்கள்தானே நாம்.

அம்மா, வடசொல் என்பது எனக்கு ஒரு குறையே இல்லை. என் சிக்கல் வேறு. அநாமதேயம், பெயரிலி, அனானி மூன்றும் பெயர் இல்லை என்றுதான் சொல்கின்றன. டோர் மறைப்பது பெயரை இல்லை. ‘ஊர் பேர் தெரியாதவன்’ என்று ஒருவனைச் சொல்கிறோமே, அதில் ஊர் தனி, பேர் தனி. டோர் மறைப்பது ஊரை மட்டும், அதாவது நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை. பேரை மறைப்பது நம் பொறுப்பு. டோர் உலாவியைத் திறந்து சொந்த முகநூல் கணக்கில் நுழைந்தால், எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாமல் போகலாம், யார் வந்தது என்பதை நாமே சொல்லிவிட்டோம்.

மொட்டைக் கடுதாசியில் இது தலைகீழ். கீழே கையெழுத்து இருக்காது, ஆனால் உறையில் எந்தத் தபால் நிலையத்து முத்திரை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் ஊர் தெரிந்துவிடும். சின்ன ஊராக இருந்தால் ஆளும் தெரிந்துவிடும். ஓர் அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைச் செய்தியாளருக்கு எழுத நினைப்பவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. பெயர் போடவில்லை, அதனால் தப்பித்தோம் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

‘அநாமதேய’ என்று போட்டால் அளவுக்கு மீறிய வாக்குறுதியும் ஆகிவிடும். நாம் வலைக்குள் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் ஒரே நேரத்தில் கண்காணிக்கக்கூடியவர் நேரத்தை ஒப்பிட்டே முடிச்சுப் போட்டுவிட முடியும். இதை டோர் தடுக்காது, வடிவமைத்தவர்களே 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் செய்த வேலை, அனுப்பியது டோர் வழியாகத்தான். ஆனால் வளாகத்து வைஃபையிலேயே உட்கார்ந்து அனுப்பினார். அந்த நேரத்தில் வளாக வலையில் டோர் புழங்கியது யார் என்று பார்த்தே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டோர் உடைபடவில்லை. ஊரில் டோர் போட்ட ஒரே ஆளாக இருந்தால் டோரே அடையாளம் ஆகிவிடும். கடற்படை ஆய்வகத்தில் பிறந்த ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதற்கும் இதுதான் காரணம். கடற்படை மட்டும் புழங்கினால் உள்ளே வருகிறவர் எல்லாம் கடற்படை என்று தெரிந்துவிடுமே.

அதனால் ‘அநாமதேய வலை’ என்பதற்குப் பதிலாக என் பரிந்துரை ‘தடமறை வலையம்’. வழிமறை என்றும் யோசித்தேன், வழிமறி என்று வாசிப்பார்கள், வழிப்பறி ஞாபகம் வரும். வேண்டாம்.

இனி ரிலே. மற்ற எல்லாச் சொல்லும் இதை ஒட்டித்தான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தளத்தை டோர் வழியாகத் திறந்தால் நம் போக்குவரத்து மூன்று கணினிகளைக் கடந்து போகிறது. முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் உலகத்தின் ஏதேதோ மூலைகளில் சொந்தச் செலவில் ஓட்டும் கணினிகள். இவற்றைத்தான் ரிலே என்கிறார்கள். முதல் கணினிக்கு நம் முகவரி தெரியும், எங்கே போகிறோம் என்பது தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், வந்தவர் யார் என்பது தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. ஒரே ஆள் பல கணினிகளை ஓட்டினால் அவற்றை ஒரே குடும்பம் என்று அறிவிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் இரண்டு கணினிகள் ஒரே தொடரில் வராமல் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மொத்த ஏற்பாடும் இரு முனையும் ஒரே கைக்குத் தெரியக்கூடாது என்பதில்தான் நிற்கிறது. நாம் வைக்கும் சொல் இதைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும், விளக்க வேண்டும் என்றுகூட இல்லை.

‘அஞ்சல்’ நல்ல சொல். இலங்கையில் ரிலே ரேஸை இன்றும் அஞ்சலோட்டம் என்கிறார்கள். ஆனால் மின்னஞ்சல் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்விட்டது. ‘அஞ்சல் கணினி’ என்று எழுதினால் மெயில் சர்வர் என்றுதான் படிப்பார்கள். ‘கணு’ ஏற்கெனவே நோடுக்கு, அதாவது வலையில் இணைந்திருக்கும் எந்தக் கணினிக்கும், இருக்கிறது. கரும்பு விளையும் ஊரில் கணுவை விளக்க வேண்டியதில்லைதான். ஆனால் கணு சும்மா இருக்கும், வாங்கிக் கொடுக்காது.

‘மதகு’ திருவையாற்று ஐயா சொன்னது. டெல்டாக்காரர்கள் கூடியிருக்கும் குழுவில் அது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். கல்லணைக்குக் கீழே ஆறு, கிளை ஆறு, வாய்க்கால், கன்னி என்று பிரிந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படம் உடனே மனசில் விழுகிறது. ஆனாலும் தண்ணீர் ஒரு பக்கம்தான் போகும். மேட்டூரில் திறந்தது கடைமடைக்கு வரலாம், கடைமடையிலிருந்து மேட்டூருக்குப் பதில் போகாது. டோரில் கேள்வி போன அதே வழியில்தான் பதில் திரும்புகிறது. அதுகூடப் பரவாயில்லை, எந்த மதகுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே போகிறது என்பது கரையில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். ஒளிவு மறைவே இல்லாத ஒன்றின் பெயரை இதற்கு வைப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஐயா மன்னிக்க வேண்டும்.

என் வாக்கு திருவாரூர்த் தம்பி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ‘கைமாற்றி’க்கு. வாங்கி அடுத்த கையில் கொடுப்பது, அவ்வளவுதான். யார் கை என்று கேட்காது. அம்மா உடனே ஆட்சேபித்தார், கைமாத்து வாங்குவது போலிருக்கிறதே என்று. இருக்கட்டுமே. கைமாத்துக்குப் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, எழுதி வைப்பதும் கிடையாது. ரிலேவிடம் நாம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான். மின்மாற்றி மாதிரி எதையோ மாற்றுகிறது என்று நினைப்பார்கள் என்ற இன்னொரு ஆட்சேபணையும் வந்தது. மாற்றத்தான் செய்கிறது! ஒவ்வொரு கணினியும் ஓர் உறையைப் பிரித்துவிட்டு அனுப்புவதால் உள்ளே வந்த பொதியும் வெளியே போகும் பொதியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்காது.

மூன்றுக்கும் முதல் கைமாற்றி, நடுக் கைமாற்றி, கடைக் கைமாற்றி (இதுதான் எக்ஸிட்). ஆங்கிலத்தில் முதலாவதற்குக் காவலர் என்று பொருள்படும் பெயர். தமிழில் ‘காவல்’ என்று போட்டால் படிப்பவருக்கு நினைவு வருவது காவல் நிலையம். இந்தக் கையேட்டில் அது வேண்டாம்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து

—

திருவையாற்றிலிருந்து:

வணக்கம். மதகுக்காக இன்னொரு சுற்று வாதாடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே விட்டுப்போய்விட்டது. நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல.

பொதுப்பணித் துறையில் இருந்தவன் நான். ரெகுலேட்டரில் காலையில் முதல் வேலை கேஜ், அதாவது நீர்மட்ட அளவு, பார்ப்பது. எவ்வளவு வந்தது, எவ்வளவு விட்டோம் என்று ரெஜிஸ்டரில் ஏறும், மேலே தகவல் போகும். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் தன் இஷ்டத்துக்கு ஷட்டரைத் தூக்க முடியாது, உத்தரவு வர வேண்டும். ஆக, மதகு என்றாலே பதிவேடும் மேலதிகாரியும் கூட வரும். உங்கள் ரிலேவுக்கு இரண்டும் இருக்கக் கூடாது என்கிறீர்கள். முன்பு பிரௌசிங் சென்டரில் அடையாள அட்டையைக் காட்டி நோட்டில் எழுதிவிட்டு உட்காருவோமே, அதுதான் மதகு. 2011-ஆம் ஆண்டு விதிப்படி அந்த நோட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும்.

கைமாற்றி சரி. ஆனால் தன்னார்வலர்கள் நடத்துவது என்ற விஷயம் சொல்லில் எங்கேயும் இல்லையே? குடிமராமத்து என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. ஊர்க்காரர்களே கூடி வாய்க்கால் வெட்டிக்கொண்டது. அதைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். 2017-இல் அரசுத் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்ததிலிருந்து குடிமராமத்து என்றால் பெயர்ப்பலகையும் பில்லும்தான் கண்ணில் நிற்கிறது. நீங்களே யோசியுங்கள்.

—

நாகப்பட்டினத்திலிருந்து:

தடமறை, கைமாற்றி இரண்டுக்கும் சரி. ‘கடை’ மட்டும் வேண்டாம். என் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் ‘கடைக் கைமாற்றி’ என்று எழுதிக் காட்டினேன். எந்தக் கடை டீச்சர் என்று கேட்டாள். கடைமடை தெரிந்த ஊரிலேயே இந்த நிலைமை. ‘வெளிக் கைமாற்றி’ என்று வையுங்கள். பொது இணையத்துக்குள் வெளியேறும் இடம் அது.

அந்தச் சொல்லில் கொஞ்சம் எச்சரிக்கையும் தொனித்தால் நல்லது. போய்ச் சேரும் தளத்துக்குத் தெரிவது வெளிக் கைமாற்றியின் முகவரிதான். யாரோ செய்த தப்புக்குப் புகார் வருவது அதை ஓட்டுகிறவர் வீட்டுக்கு. வெளிக் கைமாற்றியை வீட்டு இணைப்பில் ஓட்டாதீர்கள் என்று டோர் திட்டத்தாரே சொல்கிறார்கள். பயன்படுத்துகிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தளம் எச்டிடிபிஎஸ் (நமக்கும் தளத்துக்கும் நடுவே செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லை என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர் உள்ளடக்கத்தைப் படிக்க முடியும். இது கையேட்டில் தடித்த எழுத்தில் வரட்டும்.

படித்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கப்போவது, நாங்களும் ஒன்று ஓட்டலாமா என்றுதான். முதலோ நடுவோ ஓட்டுவதற்கே இரு பக்கமும் நொடிக்கு 10 மெகாபிட் வேகமும் மாதத்துக்குக் குறைந்தது 100 ஜிபியும் வேண்டும். புதிதாக வந்த கைமாற்றியை வலை சீக்கிரம் நம்பவும் செய்யாது. முதல் கைமாற்றி ஆவதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், இடையில் அணைந்து அணைந்து எரிந்தால் இன்னும் தள்ளிப்போகும். எங்கள் தெரு மின்சாரத்தை நம்பி இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்னோஃப்ளேக் பற்றி எழுதுங்கள். உலாவியில் ஒரு நீட்சியைப் போட்டுவிட்டால் போதும், டோர் தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவர் நம் வழியாக வலைக்குள் நுழைந்துகொள்வார். அவர் போகும் தளத்துக்கு நம் முகவரி தெரியாது. கரண்ட் போனால் அவருக்கு வேறொருவர் கிடைப்பார்.

அப்புறம், அதைத் தயவுசெய்து ‘பனித்துகள்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்க்காத ஊர் இது.

—

மயிலாடுதுறையிலிருந்து, மீண்டும்:

ஐயா, பதிவேட்டு விஷயத்தை அப்படியே கையேட்டில் ஒரு பத்தியாக எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கொடுங்கள். தன்னார்வத்தைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம் என்று படுகிறது. ‘தன்னார்வலர்கள் ஓட்டும் கைமாற்றிகள்’ என்று வாக்கியத்திலேயே வந்துவிடும். சொல் நீண்டால் யாரும் புழங்க மாட்டார்கள்.

டீச்சர், ‘வெளி’ என்று மாற்றிவிட்டேன். எச்சரிக்கை தடித்த எழுத்தில், ஸ்னோஃப்ளேக் ஸ்னோஃப்ளேக்காகவே. பொதுப்பட்டியலில் வராத நுழைவுக் கணினிகளுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ‘பாலம்’ போதும். கொல்லைவழி என்று எழுதலாம் என எனக்கும் ஆசைதான். ஆனால் மென்பொருளில் திருட்டுத்தனமாக வைக்கும் வழிக்குக் கொல்லைப்புற வழி என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது மூன்று கைமாற்றிகளும் சேர்ந்த சங்கிலிக்கான பெயர். ‘சுற்று’ என்றால் மின்சுற்று நினைவுக்கு வருகிறது, ‘தொடர்’ என்றால் டிவி சீரியல். இருந்தாலும் அச்சகத்துக்குப் போகும் பிரதியில் இப்போதைக்கு ‘தொடர்’ என்று போட்டிருக்கிறேன். திருவாரூர்த் தம்பி, உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் பக்கம் கட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்.