மறு: பித்தக்கான் – இன்மையா, அடைப்பா, தூர்வா?

அன்பின் நண்பர்களுக்கு,

தாய்மாருக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் இருக்கிறேன். 'பிலியரி அட்ரீசியா'வில் வண்டி நின்றுவிட்டது. ஈரலில் இருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் கான் பச்சைப்பிள்ளைகளுக்கு மூடிப்போகும் நோய் அது.

'பித்தக்கான் இன்மை' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கிரேக்க மூலத்தில் 'துளையின்மை' என்பதுதான் பொருள், சரி. ஆனால் இக்குழந்தைகளில் பெரும்பாலானோருக்குக் கான் இருந்திருக்கிறது. அது அழற்சியில் தழும்பேறி மூடிப்போகிறது. 'அடைப்பு' என்றாலோ கல் ஏதோ சிக்கிவிட்டது, எடுத்தால் போதும் என்று படும்.

என் விருப்பம் 'பித்தக்கான் தூர்வு'. கிணறு தூர்ந்துபோனது என்கிறோமே, அந்தத் தூர்தல். கொழும்பில் கான் என்றதும் ரோட்டோரக் கான்தான் நினைவுக்கு வரும். மழைக்கு அது தூர்ந்து கிடந்தால் தண்ணீர் எங்கே ஏறும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பித்தமும் அப்படியே ஈரலுக்குள் தேங்கி அதைக் கெடுக்கிறது. இன்னொன்று, 'தூர்வு' என்னும்போது நாள் ஓடுவது தெரிகிறது. இந்த நோயில் எல்லாமே நாள்கணக்கு. 60 நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பித்தம் குடலுக்கு இறங்கும் வாய்ப்புக் கூட. ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 3 வயதைக் காண்பதில்லை. செய்தவர்களிலும் பலருக்குப் பின்னாளில் ஈரல் மாற்று வேண்டிவரும்.

ஒரு உறுத்தல் உண்டு. தூர்ந்ததைத் தூர் வாரலாமே என்று வாசிப்பவர் நினைப்பார். இதை வார முடியாது. கெட்ட கானை வெட்டியெடுத்துவிட்டு, சிறுகுடலை ஈரலோடு நேரே பொருத்துகிறார்கள். அதை அடுத்த வரியிலேயே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் காமாலைக்கு 'செங்கண்மாரி'யை மாற்ற வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் சிக்கலும் அதிலேதான், தெரிந்த நோய்தானே என்று விட்டுவிடுவார்கள். என் தங்கையின் மகனுக்கு மூன்று வாரமாகியும் மஞ்சள் போகவில்லை. அம்மா காலை வெயில் காட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் துணியை மாற்றும்போதுதான் கவனித்தார்: கக்கா கோதுமைமா நிறம், மூத்திரக் கறை பிளேன்டீ நிறம். பச்சைப்பிள்ளையின் மூத்திரம் துணியில் கறை பிடிக்கவே கூடாது. அவனுக்கு வந்தது தூர்வு அல்ல, கருவிலேயே தொற்றிய கிருமியால் வந்த ஈரல் அழற்சி. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மஞ்சள் நீடிக்க கலக்டோசீமியா (பாலிலுள்ள ஒருவகைச் சீனியை உடல் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை), தைரொயிட் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் 14 நாளுக்கு மேல் மஞ்சள் நின்றால் இரத்தத்தில் 'நேரடி பிலிரூபின்' பார்க்க வேண்டும். பிலிரூபின் என்பது மஞ்சளுக்குக் காரணமான நிறப்பொருள். 'நேரடி' என்பதைவிட 'இணைந்த பிலிரூபின்' நல்லது, ஈரல் தன் வேலையைச் செய்து இணைத்தது என்ற பொருள் அதில் இருக்கிறது. இணைந்த பிலிரூபின் கூடி வரும் மஞ்சளுக்கு வெயில் உதவாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடப்போகிறேன்.

அப்புறம் அந்தச் சத்திரசிகிச்சையின் பெயர். 1950களில் அதைக் கொண்டுவந்தவர் ஜப்பானிய வைத்தியர் மோரியோ கசாய். 'கசாய் சத்திரசிகிச்சை' என்று எழுதினால் நம் தாய்மாருக்குக் கசாப்புக்கடை ஞாபகம் வரும். 'கசை' என்றால் சவுக்கு. 'ஈரல்-குடல் பொருத்து' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், அச்சுக்குப் போகிறது.