போர்வைக் கூடாரத்துக்குச் செய்த பிவிசி சட்டம் வளைகிறது, சாய்கிறது. பெரிய பைப்புக்கு மாறலாமா?

கேள்வி:
என் மகளுக்கு 6 வயது. இவ்வளவு நாள் இரண்டு நாற்காலிக்கு நடுவே போர்வையை விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் உள்ளே புரண்டு படுத்தாலே அது சரிந்து விழுந்துவிடும். அதனால் அரை அங்குல பிவிசி பைப்பில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்துக்கு ஒரு சட்டம் செய்தேன். மூலைக்கு மூன்று வழி எல்போ (மூன்று பைப்பைச் சேர்க்கும் மூலை இணைப்பு), பசை போடவில்லை. கனமான போர்வையைப் போட்டதும் மேல் பைப் வில்லாக வளைகிறது, கொஞ்ச நேரத்தில் மொத்தமும் ஒரு பக்கம் சாய்கிறது. முக்கால் அங்குலம் வாங்கட்டுமா? தினமும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும்.

பதில் 1:
வாங்க வேண்டாம். வளைவது வேறு, சாய்வது வேறு. 6 அடி மேல் பைப்பை நடுவில் வெட்டி, ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு, அதிலிருந்து கீழே ஒரு கால் இறக்குங்கள். தாங்கலுக்கு நடுவே உள்ள நீளம் பாதியானால் தொய்வு ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகிவிடும், பைப்பும் 3 அடித் துண்டாகக் கட்டிலடியில் அடங்கும். சாய்வதற்குக் காரணம் சட்டம் வெறும் செவ்வகமாக இருப்பது. பின்பக்கமும் ஒரு நீளப் பக்கமும் மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி கயிறு கட்டுங்கள். கயிறு இழுத்தால்தான் பிடிக்கும், தள்ளினால் தொங்கிவிடும், அதனால் ஒற்றைக் கயிறு போதாது. பசை போடாதது நல்லது, அப்படியே விடுங்கள்.

பதில் 2:
போர்வையையும் மாற்றுங்கள். பஞ்சு வைத்தது 2, 3 கிலோ இருக்கும், மெல்லிய பருத்தி விரிப்பு அதில் கால்வாசி கூட வராது, உள்ளே புழுக்கமும் குறையும். நழுவாமல் இருக்க நான் செய்தது: அதே பைப்பில் 2 அங்குலத் துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு கீற்றை அறுத்து எடுத்துவிட்டு, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். விரிப்பின் மேல் வைத்து அழுத்தினால் டப்பென்று பைப்பைக் கவ்விக்கொள்ளும். தேய்க்காமல் விட்டால் துணி கிழியும்.

பதில் 3:
சின்னக் குழந்தை என்பதால் ஒன்று சொல்கிறேன். கயிற்றை விறைப்பாக, விரிப்புக்கு வெளியே கட்டுங்கள், முனை தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் எல்இடி மட்டும். சூடாகும் பல்பைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். ஒரு பக்கம் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நடுக்கால் இரண்டு பக்கமும் வைத்தேன், கயிறும் வெளியே கட்டிவிட்டேன். மேல் பைப் இப்போது நேராக நிற்கிறது, கையால் தள்ளிப் பார்த்தாலும் ஆடவில்லை. கிளிப்புக்கு நாளைக்குத்தான் பைப் அறுக்க வேண்டும், இப்போதைக்குத் துணி கிளிப் போட்டிருக்கிறேன். அவள் தலையணையோடு உள்ளே போய் அரை மணி நேரமாகிறது, கூப்பிட்டாலும் வரவில்லை.