தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த படைக் குடும்பம்: ஞாயிறுகளில் எந்தப் பழைய ஊர், எத்தனை மணிக்கு?

கேட்டவர்: கொங்குநாட்டுக்காரி

கணவர் விமானப்படை. நான் ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்து விலகியவள். பஞ்சாபிலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகிறது. இருவருக்குமே டெல்டா புதுசு. மாதத்தில் இரண்டு ஞாயிறு கிடைக்கும். அதிலும் ஒன்றில் "கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கும். கார் உண்டு, புல்லட்டும் உண்டு. கோயில்கள் பார்க்க வேண்டும். அவருக்குக் கோட்டை, பீரங்கி, டேனிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் இருந்த ஊர்கள் என்றால் கூடுதல் ஈடுபாடு. எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது, எங்கே போய் ஏமாந்து நிற்போம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்து வெளிநாட்டுப் பணி வரலாம். போகும்போது சுவாமிமலைச் சிலை ஒன்று கொண்டுபோக ஆசை.

புதாற்றங்கரை எழுதியது:

வாங்க சகோதரி. முதல் வேலையாக, அவருடைய பணி முறை பற்றிய வரிகளைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்க. பொதுவெளியில் அது வேண்டாம்.

டெல்டாவில் தூரத்தைவிட நடை சாத்தும் நேரம்தான் முக்கியம். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 அல்லது 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4க்குத்தான் திறப்பார்கள். டிபன் சாப்பிட்டு 9.30க்குக் கிளம்புகிறவர்கள் முதல் கோயிலை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது கோயில் வாசலில் நாலு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். காலை 6 மணிக்குக் கோயில், வெயில் ஏறியதும் அரண்மனை, அருங்காட்சியகம், 4க்கு மேல் மறுபடி கோயில். இந்த வரிசையை மாற்றாதீங்க.

நிபந்தனை உள்ள ஞாயிறைத் தஞ்சாவூருக்கே கொடுங்க. ஒரு நாளில் முடியாது, இரண்டு தடவையாகப் பாருங்க. பெரிய கோயிலுக்கு 6 மணிக்கே போய்விடுங்க. 10 மணிக்கு மேல் பிரகாரத்துக் கல் காலைப் பொசுக்கும். கனத்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். 1010-ல் ராஜராஜன் முடித்த கோயில், விமானம் 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. காலையில் விமானத்துக்கு மேற்கே போனால் நிழலிலேயே நிற்கலாம். சோழர் கால ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கின்றன, பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அவற்றின் படங்களை வளாகத்துக்குள்ளேயே உள்ள காட்சிக்கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய நந்தி ராஜராஜன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது.

அவருக்காக: கீழவாசல் பீரங்கி மேட்டுக்குக் கட்டாயம் போங்க. அங்கே இருக்கும் ராஜகோபால பீரங்கி, தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. சுமார் 25 அடி நீளம், எடை 22 டன் அளவுக்கு மதிப்பிடுகிறார்கள். அது வார்ப்பு இல்லை. நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாய் போல அடுக்கி, மேலே பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை மாட்டி அடித்து இணைத்தது. ஆறும்போது வளையம் சுருங்கிப் பட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் வளையம் வளையமாகத் தெரிவதை நின்று பாருங்க. பெரிய கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பகலுக்கு அரண்மனைக் கலைக்கூடம். சோழர் செப்புத் திருமேனிகளை அவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்ப்பது கஷ்டம். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு வார விடுமுறை நாள் தனி, கேட்டுக்கொண்டு போங்க. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் தஞ்சாவூர் மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜி, தன் குரு ஸ்வார்ட்ஸ் பாதிரியாருக்காக லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் செய்வித்த பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சாகும் பாதிரியாரின் படுக்கையருகே அரசர் நிற்கும் காட்சி.

பொறையாறு வாசி எழுதியது:

தரங்கம்பாடிக்கு நிபந்தனை இல்லாத ஞாயிறை ஒதுக்குங்க மேடம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊர்களைக் கடந்து வர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க. முகூர்த்த நாளாக இருந்தால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணக் கூட்டம் சாலை வரை நிற்கும். அதற்கு இன்னும் அரை மணி.

இங்குள்ள டேனிஷ்காரர்களின் டேன்ஸ்போர்க் கோட்டை 1620-ல் தொடங்கியது. இடம் கொடுத்தவர் மேலே புதாற்றங்கரை சொன்ன அதே ரகுநாத நாயக்கர்தான். பீரங்கி மேட்டைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் ஒன்று சேரும்: உள்ளே அவ்வளவு பெரிய பீரங்கி வைத்திருந்த அரசர்தான் கடலோரத்தில் வெளிநாட்டாருக்கு வியாபாரத்துக்காக இடம் விட்டிருக்கிறார். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு லீவு கிடைத்து வெள்ளியன்று வந்தால் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வண்டியை 1792-ல் கட்டிய நகர வாசலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ராஜ வீதியில் நடந்து வாங்க. 1701 சீயோன் ஆலயமும் 1718 புதிய எருசலேம் ஆலயமும் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன. 1706-ல் இங்கே இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எருசலேம் ஆலயத்தில்தான் அடக்கம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். முகப்பில் டென்மார்க் அரசரின் முடி பொறித்த எழுத்துச் சின்னத்தைப் பாருங்க. ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும். அது முடியும் வரை படம் எடுக்க உள்ளே நுழைய வேண்டாம். 1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும், அதன்மேல் நின்று படம் எடுக்காதீங்க. கோட்டைப் பக்கம் நிழலே கிடையாது, 3 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்க.

நாகப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைத் தேடி அலைய வேண்டாம், பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை. டச்சுக் கல்லறைகளும், நாகூர் தர்காவில் மராத்திய அரசர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினார் கோபுரமும் பார்க்கலாம். காரைக்கால் வழியே திரும்பினால் ஒன்று: அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி. அங்கே வாங்கிய பாட்டிலோடு தமிழக எல்லைக்குள் வந்தால் சோதனைச்சாவடியில் வழக்குதான். படை அடையாள அட்டை அங்கே செல்லாது.

பட்டுக்கோட்டை புல்லட் எழுதியது:

ராணுவத்துக்காரர் வந்துவிட்டு மனோரா பார்க்காமல் போகக்கூடாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழி, மல்லிப்பட்டினத்துக்குப் பக்கம், கிட்டத்தட்ட 70 கி.மீ. எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி கட்டியது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள், அது தப்பு. கல்வெட்டு 1814. வாட்டர்லூ நடந்தது 1815-ல். அதற்கு முந்தைய வருடம் அவன் முடியிழந்து எல்பா தீவுக்குப் போனதைத்தான் இது சொல்கிறது. போகும் வழியில் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம், அதுவும் அதே அரசர் கட்டியது.

புல்லட்டில் வருவதானால் தை, மாசியில் கவனம் அண்ணி. சம்பா அறுவடை நேரம். கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள், வைக்கோலும் கிடக்கும். நெல்மணி மேல் பிரேக் போட்டால் முன்சக்கரம் இழுத்துவிடும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கியரிலேயே மெதுவாகக் கடந்துவிடுங்க. இருட்டிய பிறகு அறுவடை இயந்திரம் பின்விளக்கு இல்லாமல் போகும், எனவே 6 மணிக்குள் பட்டுக்கோட்டை தாண்டிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரம் வேண்டாம்.

அரசலாறு எழுதியது:

கும்பகோணம் பக்கத்துக்கு ஒரு முழு நாள். தஞ்சாவூரிலிருந்து 40 கி.மீ., எனவே நிபந்தனை நாளிலும் சமாளிக்கலாம். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தை அந்த நாளில் சேர்க்காதீங்க. அது கும்பகோணத்துக்கு வடக்கே இன்னும் 35 கி.மீ. போல, கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டும்.

தாராசுரம் கோயிலில் அவசரப்பட்டால் ஒன்றுமே பார்த்திருக்க மாட்டீங்க. விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் ஒரு சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன, மேலே பெயரும் வெட்டியிருக்கும். உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். தேர் வடிவ மண்டபம் தென்பக்கம். கோயில் தரை சாலையைவிடத் தாழ்வு. பெருமழைக்கு மறுநாள் முன்பகுதியில் தண்ணீர் நிற்கும்.

கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தஞ்சாவூரைவிடச் சற்றுக் குட்டை. தஞ்சாவூர் விமானம் நேர்கோட்டில் ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்க, அப்பா ராஜராஜனும் மகன் ராஜேந்திரனும் யோசித்த விதமே தெரியும். வடபக்கப் படியருகே சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தை விட்டுவிடாதீங்க. சுற்றுமதில் ஏன் இவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கேட்பீங்க. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அணைக்கரையில் அந்த அணையையும் பார்த்துவிடலாம்.

கொங்குநாட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பணி முறை பற்றிய வரிகளை மாற்ற முயன்றேன், திருத்தும் நேரம் முடிந்துவிட்டதாம், நடத்துநர் எடுத்துவிடட்டும். சிலை பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஒரு அடி உயர நடராசர் மனதில் இருக்கிறது.

அரசலாறு எழுதியது:

சொல்லி வைத்தே வாங்குங்க, கடையில் இருப்பதை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிடித்த உருவத்தின் மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே மணல் கலந்த மண்ணைப் பூசிக் கம்பி கட்டுவார்கள். பிறகு சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பது, எனவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். மழைக்காலத்தில் அச்சு காயாது. ஈரம் மிஞ்சிய அச்சில் உலோகம் ஊற்றினால் ஆவி கிளம்பிச் சிலையில் துளை விழும். ஆகவே கார்த்திகையில் அவசரப்படுத்தாதீங்க. நடராசரில் திருவாசியும் (சுற்றியுள்ள தீ வளையம்) விரிசடையும் மெல்லியவை, உலோகம் முழுக்க ஓடாமல் நின்றுவிடும் இடம் அதுதான். வாங்கும்போது அங்கே ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்று வேண்டும். 1972 சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய சிற்பம் தொல்பொருள், வெளியே போகக்கூடாது. புதுச் சிலையே ஆனாலும் பழையது போல் கருமை ஏற்றியிருந்தால் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். எனவே மெருகிட்ட சிலையாகவே கேளுங்க. செய்தவரின் ரசீதில் உயரம், எடை, செய்த ஆண்டு மூன்றும் இருக்கட்டும். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்து, புறப்படும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்க. அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கினால் இந்தச் சான்றுக்கான வழியை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். சான்றைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்க.